இரண்டாவது கீறல்

"இன்னாம்மா, வெளையாடுறீங்களா? என் தம்பி கழுத்துல மறுபடியும் கத்தி வைக்கணுமா?"

கோவிந்தசாமி மேஜையைக் குத்திய குத்தில் டாக்டர் லோகநாயகியின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

கேட்கமாட்டாரா பின்னே? தம்பி அறிவழகனுக்குக் கழுத்தில் கட்டி. கடலூரில் ஆபரேஷன் செய்து ஒரு துண்டு சதை எடுத்தார்கள். வழக்கம்போல அதைப் பாட்டிலில் போட்டு வீட்டாரிடமே கொடுத்தார்கள். தம்பி மனைவி எழிலரசி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, சிதம்பரத்தில் இந்த லேபில் கொண்டுவந்து சேர்த்தாள். இழுத்தடித்துவிட்டு இன்றைக்கு, "வேற சதை எடுக்கணும்" என்கிறார்கள்.

"உங்க கோபம் நியாயம்தாங்க," என்றார் டாக்டர். "அந்தக் கட்டி பி செல்லுன்ற ஒரு வகை வெள்ளை அணுவுல இருந்து வந்ததான்னு தெரியணும். அதுக்குன்னு ஒரு ஆன்டிபாடி இருக்கு. சதை மேல அதப் போட்டா பி செல் மட்டும் பழுப்பா தெரியும். தெரிஞ்சா அதுக்குத் தனி மருந்து. உங்க தம்பி சதையில போட்டுப் பார்த்தோம், எதையும் நம்பிச் சொல்ல முடியல."

"ஏன் முடியல?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார்.

"சதை கெட்டுப்போச்சு. நாங்க சரியா வச்சுக்கல. எங்க தப்புதான்."

எவ்வளவு சாவகாசமாகச் சொல்கிறார் பாருங்கள். ஒருத்தன் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இவர்களுக்கு ஒரு துண்டு சதையைப் பத்திரமாக வைக்கத் துப்பில்லை.

"கட்டி நாளுக்கு நாள் பெருசாவுது. அவனுக்குச் சோறு எறங்கல. இன்னா மருந்துன்னு தெரியாம நாங்க காத்துக் கெடக்குறோம், நீங்க கெட்டுப்போச்சுன்றீங்க. படிச்சவங்கதான நீங்க?"

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எழிலரசி சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க வூட்டு ஆளு யாராச்சும் இந்த வேல பண்ணியிருந்தா அன்னிக்கே வூட்ட வுட்டுத் தொரத்தியிருப்பேன். உங்கள இன்னா பண்றது?"

"மன்னிச்சுக்குங்க. ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட பேசிட்டேன். நாளைக்கே எடுத்துடலாம். இந்தத் தடவ எங்க ஆளே வந்து பாட்டில வாங்கிக்குவாரு."

"உங்க ஆளுங்க லட்சணந்தான் தெரிஞ்சுபோச்சே. எழிலு கொண்டாரும்."

"வேணாம். நாங்களேதான் வாங்கிக்குவோம்." டாக்டரின் குரல் அப்போதுதான் கடுமையானது.

"பண்றதையும் பண்ணிட்டுத் திமிரு வேற ஜாஸ்தி," என்று முணுமுணுத்தபடி கோவிந்தசாமி வெளியேறினார். எழிலரசி அவர் பின்னாலேயே போனாள்.

லேப் டெக்னீசியன் ரேகாவுக்குத் தாங்கவில்லை.

"என்ன மேடம் இது? சரிபார்க்கப் பக்கத்துல வச்ச வேற ஆளோட டான்சில் சதை நல்லா பழுப்பாயிருக்கு. ஆன்டிபாடி மேல தப்பில்ல, நம்ம மேலயும் தப்பில்ல. அந்தப் பாட்டில் வர்றப்பவே சதை அழுகாம இருக்க ஊத்துற ஃபார்மலின் கிடையாது. வெறும் தண்ணி. சதை அழுகித்தான் வந்துச்சு. அந்தாளு அவ்ளோ பேச்சு பேசறாரு, உண்மையச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொன்னா அவரு யாரத் தொரத்துவாரு?"

ரேகா எழிலரசி போன வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரு வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணத் தனியா கூப்புட்டுக் கேட்டேன்," என்றார் டாக்டர். "'மூடியத் தெறந்து பாத்தேம்மா. குடிகாட்டுல எங்க வூட்டுப் பக்கம் கம்பெனிங்கள்லேருந்து அடிக்கிற அதே கெமிக்கல் நாத்தம். பொறந்ததுலேருந்து எங்க வூட்டுக்காரரு அதுலதான் கெடக்குறாரு. அந்தத் துண்டு சதையாவது நல்ல தண்ணியில இருக்கட்டுமேன்னு மாத்தி ஊத்திட்டேன்'னுச்சு."