நிலாவைக் கும்பிட்ட முயல்கள்

ஒரு காட்டில் யாரும் எதையும் பேசலாம், எந்தச் சாமியையும் கும்பிடலாம் என்று சட்டம் இருந்தது. முயல்கள் நிலாவைக் கும்பிட்டன.

ஒருநாள் ஓநாய் பெரிய கூட்டம் கூட்டி, "நிலாவைக் கும்பிடுகிறவர்களை வளையோடு தோண்டி எறியுங்கள்! கிழக்கு மேட்டில் ஏழு வளை இருக்கிறது. இப்போதே கிளம்புங்கள்!" என்று கத்தியது. கூட்டம் கிளம்பியது. வெள்ளச்சி என்ற முயலின் மூன்று குட்டிகளும் மிதிபட்டுச் செத்தன.

வெள்ளச்சி நீதிபதி யானையிடம் ஓடி முறையிட்டது. யானை ஓநாயை அழைத்து விசாரித்தது.

"நான் மேட்டுப் பக்கமே போகவில்லை ஐயா. பேசினேன், அவ்வளவுதான். அது என் உரிமை. என் மதமும் அதைத்தான் சொல்கிறது" என்றது ஓநாய்.

யானை காதை ஆட்டி யோசித்தது. "பேச்சுரிமையில் நான் கை வைக்க முடியாது. நீ போகலாம்."

ஓநாய் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டியது. வெள்ளச்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நீயெல்லாம் ஒரு நீதிபதியா? கோழை!" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தியது.

"என்ன திமிர்! இதன் வாயைக் கட்டுங்கள்!" என்று யானை பிளிறியது. காவல் கரடிகள் ஓடி வந்தன.

"கட்டுங்கள். ஓநாய் பேசியதில் என் மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் பேசியதில் யார் செத்தார்கள்? அதைச் சொல்லிவிட்டுக் கட்டுங்கள்" என்றது வெள்ளச்சி.

கரடிகள் தயங்கி நின்றன. யானையால் வெள்ளச்சியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"அந்த ஓநாயைத் திரும்ப இழுத்து வாருங்கள்" என்றது.