ஒரு நாள் துக்கம்

"ஆட்சேபணை உண்டு."

பெரிய வக்கீல் எழுந்து நின்று இந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீலம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கேட்டது ஒரே ஒரு வாய்தா. மறுநாள் அவளுடைய நாலு வயசுக் குழந்தைக்கு ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆள் கிடையாது.

நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டினார்.

"ஆறு வருஷமா இழுக்குதும்மா. அந்தப் பக்கமும் ஒத்துக்கலை. நாளைக்கு நீங்க வரலைன்னா வழக்கு தள்ளுபடி."

அச்சகத்து மெஷினில் மூன்று விரலைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் நஷ்டஈட்டு வழக்கு அது. பெரியவர் அச்சகத்துக்காக ஆஜராகிறவர். அச்சக மானேஜர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

கடைசி பெஞ்சில் இருந்த வக்கீல் சங்கச் செயலாளருக்கு வயிறு எரிந்தது. நாற்பது வருஷமாக எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்பதால், சங்கத்தில் பெரியவருக்குப் பேரே 'ஆட்சேபணை'தான்.

"கருங்கல்லுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டினா இவர்தான்" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சங்கத்தில் போன் அடித்தது.

"பெரிய வக்கீலோட அண்ணன் மகன் பேசறேன். சித்தப்பா விடியக்காலை தவறிட்டாருங்க."

குரல் துணி போட்டு மூடினாற்போல இருந்தது. பாவம், அழுகிறான் போல என்று செயலாளர் நினைத்துக்கொண்டார்.

உறுப்பினர் யாராவது காலமானால் அன்றைக்கு ஒரு வக்கீலும் கோர்ட்டில் வாதாடுவதில்லை என்பது சங்கத்து வழக்கம். இரங்கல் தீர்மானம் படிப்பார்கள், இரண்டு நிமிஷம் நிற்பார்கள், எல்லா வழக்குக்கும் வாய்தா வாங்கிவிடுவார்கள். சாவு என்றால் எந்த நீதிபதியும் மறுப்பதில்லை.

செயலாளர் போன வருஷம் செத்தவருடைய தீர்மானத்தை எடுத்துப் பேரை மட்டும் மாற்றினார். 'இளகிய மனம் படைத்தவர்' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அடித்தால் ஒரு வரி குறையும். விட்டுவிட்டார்.

கூட்டத்தில் படித்தபோது அந்த வரிக்கு மட்டும் நாலு பேர் இருமினார்கள்.

பதினொன்றரைக்கெல்லாம் துக்கம் முடிந்து கேரம் போர்டு வெளியே வந்துவிட்டது.

மூன்று மணிக்குப் பெரியவர் உள்ளே வந்தார். கோட்டும் கையுமாக.

கேரம் காய் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. யாரும் குனியவில்லை.

"சார்... நீங்க..."

"தண்ணி இருக்கா?"

குடித்தார். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தீர்மானத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இளகிய மனமா? யாரைக் கேட்டுப் போட்டே? அடிச்சுடு."

"சார், எவனோ போன்ல..."

"அது சரி. செத்தவன் வீட்டுக்கு யாராவது போனீங்களா?"

"சாயங்காலம் எல்லாருமாச் சேர்ந்து, ஒரு மாலையோட..." செயலாளர் கண் கேரம் போர்டுப் பக்கம் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"போகாததும் நல்லதுதான். வீடு பூட்டியிருந்துச்சு."

செயலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. கோர்ட்டையே மூட வைத்தாகிவிட்டது. விஷயம் தெரிந்தால் நீதிபதி தோலை உரித்துத் தொங்க விடுவார். விறுவிறுவென்று ஒரு தாளை இழுத்தார்.

"போன் பண்ணினவன் நம்ம ஆளாத்தான் சார் இருக்கணும். வேற யாருக்கு இந்த வழக்கம் தெரியும்? அவனைச் சங்கத்தை விட்டே தூக்கலைன்னா பாருங்க!"

"எழுது, எழுது. அந்த விரல் கேஸுக்கு எத்தனை நாள் வாய்தா?"

செத்துப் பிழைத்தும் இந்த மனுஷனுக்குக் கேஸ் நினைப்புத்தானா? செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பதினஞ்சு நாள்."

"தாராளம். குழந்தைக்குப் பத்து நாள்ல தையல் பிரிச்சுடுவாங்க."

"அது உங்களுக்கு யார் சொன்னா?"

"டாக்டர்தான். அந்த வக்கீல் பொண்ணு ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒண்டியா உட்கார்ந்திருந்துச்சு. குழந்தை கண் முழிக்கிற வரைக்கும் பக்கத்துல இருந்துட்டு நேரா வர்றேன்."

செயலாளர் கையில் பேனா அப்படியே நின்றது.

"அப்போ காலையில போன் பண்ணினது..."

பெரியவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து மானேஜரைப் பின்னால வச்சுக்கிட்டு நான் வேற என்னத்தைச் சொல்ல? சரி, என் பேரை எழுதிக்கோ தம்பி. நீக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை."