சத்தம் போடாத பச்சை வண்டி

மத்தியான வெயில் கண்ணாடிச் சுவரைத் தாண்டி வந்து பச்சை மின்சாரக் காரின் மேல் சொகுசாகப் படுத்திருக்கிறது. அதன் முகப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கடைக்காரி தன் புருஷனோடு மல்லுக்கு நிற்கிறாள். கடை திறந்து இரண்டு மாதமாகியும் ஒரு வண்டிகூட விற்கவில்லை. அவள் கையில் முன்கண்ணாடியில் விலை எழுதும் வெள்ளைப் பேனா. அவன் கையில் அதை அழிக்கும் துணி. காலையிலிருந்து மூன்று முறை எழுதி அழித்தாயிற்று. "பேட்டரி விலை மளமளன்னு இறங்குது. அடுத்த வருஷம் இதே வண்டி பாதி விலைக்கு வரும், வேணும்னா பாரு! இப்பவே குறைச்சாதான் விக்கும்" என்கிறான் அவன். "பெட்ரோல் விக்கிற விலைக்கு அதுக்குள்ள ஜனங்க வரிசையில நிப்பாங்க. ஒத்தப் பைசா குறைக்க மாட்டேன்!" அவள் உள்ளங்கைக்கு அடியில் கார் பூனைபோல ஒரு சாண் நகர்கிறது. தூக்கிவாரிப்போட்டு இருவரும் திரும்புகிறார்கள். ஓட்டிப் பார்க்க வந்த தையற்காரரையும் அவர் மனைவியையும் உள்ளே உட்காரவைத்ததையே சண்டையில் மறந்துபோயிருக்கிறார்கள்.

ஜன்னல் இறங்குகிறது. "பாதி விலையா? அப்ப அடுத்த வருஷமே வர்றோம்" என்கிறார் தையற்காரர், பல்லெல்லாம் தெரிய. கடைக்காரி புருஷனை முறைக்கிறாள். அவன் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறான். பின்சீட்டிலிருந்து தையற்காரர் மனைவியின் குரல் நிதானமாக வருகிறது: "நீங்க அடுத்த வருஷம் வாங்க. நான் இதுலயே வீட்டுக்குப் போறேன்." அவள் கால்மேல் கால் போட்டிருக்கிறாள். அவளுடைய செருப்புகள் கார்க் கதவுக்கு வெளியே, வீட்டு வாசலில் விட்டதுபோல ஜோடியாகக் கிடக்கின்றன.