தேசிக்காய் மிதித்த ஸ்கீ

மதுஷன் மறுபடியும் நின்றுவிட்டான்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ. பனி ஒட்டிப் போச்சு."

எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். திருப்பத்துக்குத் திருப்பம் இதே பாட்டு. ஒரு கால் ஸ்கீயைக் கழற்றுவான், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவான், அடியைச் சுரண்டுவான், ஊதுவான், தடவுவான். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதவிசு.

எனக்கு நன்றாக வேண்டும். காலையிலேயே தடுத்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது மாண்ட்ரியல் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் புது ஸ்கீ இரண்டையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எலுமிச்சம்பழம் செருகினான். அவன் யாழ்ப்பாணத்துக்காரன், தேசிக்காய் என்பான். புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் வைப்போமே, அதேதான். இதுவும் வாகனம்தானே என்று நியாயம் வேறு. ஏறி ஒரே மிதி. பச்சக்.

கீழ்வீட்டு மதாம் குப்பைப் பையும் கையுமாக நின்று முழுசாகப் பார்த்துவிட்டு, "போன் ஷான்ஸ்" என்று பிரெஞ்சில் வாழ்த்திவிட்டுப் போனாள். என் மானம் போயிற்று.

மானம் போனால் போகட்டும். அந்த மடையன் அடியில் ஸ்கின்னை ஒட்டிவிட்டு அல்லவா மிதித்தான்! மலை ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீக்கு அடியில் ஒட்டுகிற ரோமப் பட்டை அது. அது நனைந்தால் பனி அப்பிக்கொள்ளும். சாற்றில் ஊறப்போட்டால் கேட்கவா வேண்டும்?

அதுவும் இன்றைக்கு. மே மாத வெயிலில், காலையில் கெட்டியாக இருக்கிற பனி மதியத்துக்குள் கூழாகிவிடும். அதற்குள் உச்சிக்குப் போகாவிட்டால் பாதியில் திரும்பிவிடுவது என்று பேசி வைத்திருந்தோம்.

இந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஒரு நாள்கூட ஸ்கீயில் கால் வைக்கவில்லை. மாண்ட்ரியலில் டூலிப் பூத்துவிட்டது. லோரன்ஷியன் மலைகளில் வெயில் அதிகம் படாத வடக்குப் பக்கத்தில் மட்டும் மிச்சமிருக்கிற பனி இது. இதையும் விட்டால் இந்த வருஷமே எனக்கு இல்லை. ஒரே ஒரு உச்சி. அதைத்தான் கேட்டேன்.

காரில் ஏறும்போதே கறாராகச் சொன்னேன், எங்கும் நிற்கக் கூடாது என்று. இரண்டும் மாடு மாதிரி தலையை ஆட்டின.

அந்த இரண்டில் இன்னொன்று தீப்தி. சென்னையில் ஒரே கல்லூரி, இங்கே ஒரே வீடு. எப்போதும் போல கஸ்பே பக்கம் பெரிய மலைக்குப் போவோம் என்றேன். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறதாம். இவனுக்கோ யாரோ வீடு மாறுகிறார்களாம், சாமான் தூக்க வேண்டுமாம். கடைசியில் இந்தக் குட்டி மலை.

ஏறுவதற்கு முன்னால் என் பையைத் திறந்து மண்வெட்டி, ஃபிளாஸ்க், சாப்பாடு எல்லாவற்றையும் தன் பைக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கு அடுக்கத் தெரியவில்லையாம். எனக்கு!

இப்போதும் இவன் நின்றதே சாக்கு என்று ஃபிளாஸ்க்கைத் திறந்து நீட்டுகிறாள். சும்மாதானே நிற்கிறோம் என்று குடித்தேன். சும்மாதானே நிற்கிறோம் என்று ஊன்றி ஏறுகிற கம்பில் சாய்ந்து மூச்சும் வாங்கிக்கொண்டேன்.

நான் முன்னால், மதுஷன் எனக்குப் பின்னால், கடைசியில் தீப்தி. மறுபடியும் ஏறினோம். மரங்கள் குறைந்தன. உச்சி தெரிந்தது. வெள்ளையாக, கை நீட்டினால் தொடலாம் போல. இன்னும் இரண்டு திருப்பம்தான். வெயில் முதுகில் சுட்டது.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ."

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். ஸ்கீயோடு தடுமாறித் தடுமாறிக் கீழே இறங்கி, கொடுடா இங்கே என்று அவன் கையில் இருந்ததைப் பிடுங்கினேன். நானே சுரண்டித் தருகிறேன், தொலை.

திருப்பினேன்.

படிய வாரிவிட்ட தலை மாதிரி இருந்தது ரோமம். பனி ஒரு துளி ஒட்டவில்லை. எலுமிச்சை வாசனைகூட இல்லை. காலையில் சாறும் குங்குமமும் அப்பிய புது ஸ்கின்னே இல்லை அது. அவனுடைய பழையது. அடிவாரத்திலேயே மாற்றியிருக்கிறான்.

மதுஷன் பக்கத்து மரத்தைப் பார்த்தான். தீப்தி ஏற்கெனவே மூடியிருந்த ஃபிளாஸ்க்கை மறுபடியும் திருகினாள்.

அப்போதுதான் ஒரு சத்தம் காதில் விழுந்தது. விசில் மாதிரி, விட்டுவிட்டு. என் மூச்சுதான். பின்னால் வருகிறவனுக்கு அது அடிவாரத்திலிருந்தே கேட்டிருக்கும்.

ஸ்வெட்டருக்குள் இடது விலாவில் தையல் போட்ட இடம் இழுத்தது. ஜனவரியில் நுரையீரலில் ஒரு துண்டை அறுத்து எடுத்த இடம்.

காரில் நான் சொன்னது முழுசாக இதுதான்: எனக்காக எங்கும் நிற்கக் கூடாது. நோயாளி மாதிரி நடத்தினால் இனி உங்கள் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்.

பாவிகள். கோபம் அடங்கவே இல்லை. கண்தான் எரிந்தது.

நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டேன். ஸ்கீயை அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"நிறைய ஒட்டியிருக்குடா," என்றேன். "நல்லா சுரண்டு. அடுத்த திருப்பத்துலயும் பாத்துக்கோ."