அஞ்சு ஸ்பீக்கர்

“முடியாது பாய். நல்ல ஸ்பீக்கரைத் தூக்கிப் போடுங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன்.”

ஷஹ்பாஸ் சொன்னதைக் கேட்டு முதலாளி சைபுல்லாவின் முகம் சிவந்தது. தஞ்சாவூரில் இருந்த அந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் அவரிடம் ‘முடியாது’ என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, ஏசி மெக்கானிக்கைத் தவிர.

“மெதுவா பேசுடா, கஸ்டமர் நிக்கிறாங்க. வீட்டுல அஞ்சு பழைய ஸ்பீக்கர் கிடக்குதாம், அதுக்குப் பொருத்தமா, அதுங்களை ஓட்டுற ரிசீவர் பெட்டி ஒண்ணு மட்டும் வேணுமாம். இப்படியே ஒண்ணொண்ணா வித்தா கடை என்னத்துக்கு ஆகும்? முழு ஹோம் தியேட்டர் செட்டையும் அவங்க தலையில கட்டு. இல்லேன்னா இன்னையோட கிளம்பு.”

கிளம்புவது சுலபமில்லை. ஷஹ்பாஸ் தங்கியிருந்ததும் அதே கடையின் மாடியில்தான். வேலை போனால் பாய், தலையணை இரண்டும் சேர்ந்து தெருவுக்கு வரும்.

அன்றைக்கு இது அவனுடைய இரண்டாவது ‘முடியாது’. முதலாவதைக் காலையில் போனில் உம்மாவிடம் சொல்லியிருந்தான். நாளுக்கு ஒன்று என்று அளவாக வைத்திருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்போம் என்பது அவனுக்கே தெரியும். ஆனால் புரோட்டாவிலும் அவனுக்கு அளவு கிடையாது, முடியாதிலும் கிடையாது. புரோட்டா மட்டும் சட்டைப் பட்டன்களில் தெரிந்தது.

கவுண்டருக்கு முன்னால், கறுப்பு அபாயாவும் மூக்குக் கண்ணாடியுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நின்றிருந்தார்.

“தம்பி, உங்க முதலாளி எல்லாத்தையும் மாத்தணுங்குறார். நீங்க என்ன சொல்றீங்க?”

“ஸ்பீக்கருக்குப் பின்னாடி எத்தனை ஓம்னு போட்டிருக்கும், பாத்தீங்களாம்மா?”

“ஓமா? எங்க வீட்டுல பிஸ்மில்லாதான் தம்பி போட்டிருக்கு.”

“இது கரண்டுல வர்ற ஓம்மா.”

அவர் சிரித்துக்கொண்டே செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். “என் வீட்டுக்காரர் ஷார்ஜாவுலேருந்து கப்பல்ல போட்டு அனுப்பினது.”

ஷஹ்பாஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “நாலு ஓம். ஓம் குறையக் குறைய ரிசீவருக்குப் பாரம் கூடும்மா. எங்க கடையில இருக்குறது எதுவும் ஆறுக்குக் கீழ தாங்காது. கொஞ்சம் சத்தம் வச்சா சூடாகி, தானா படுத்துடும்.”

பின்னால் சைபுல்லா இருமினார். அது இருமல் இல்லை, நோட்டீஸ்.

“அப்போ ஸ்பீக்கரையே மாத்திடலாமா தம்பி? அஞ்சும் அஞ்சு விதமாக் கத்துதுங்க. ஒண்ணு கரகரங்குது, ஒண்ணு கீச்சுக்கீச்சுங்குது.”

“அது ஸ்பீக்கர் குத்தமில்லம்மா. சரியான ரிசீவர் வாய்க்கலை, அவ்வளவுதான்!” முதலாளிக்கும் கேட்கட்டும் என்று ஷஹ்பாஸ் குரலை உயர்த்தினான். “அந்த வீட்டுக்கு முதல்ல வந்தது ஸ்பீக்கர். இன்னைக்கு உள்ள வர்ற ரிசீவர்தான் அதுங்களுக்குத் தகுந்தாப்புல நடந்துக்கணும். வந்தவன் வசதிக்காக இருக்குறவங்களை வெளியே தள்ளுறதா? அநியாயம்மா!”

“ஷஹ்பாஸ்...” என்றார் சைபுல்லா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. “தாங்குற ரிசீவர்னு எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறது?”

“தூக்கிப் பாத்தாலே தெரியும், நல்ல கனமா இருக்கும். எத்தனை சத்தம் வந்தாலும் சூடாகாது. திருச்சியில பாருங்க, கிடைக்கும். நாலு ஓம் தாங்கும்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. இங்க மட்டும் வாங்காதீங்க.”

“வெளியே போடா!” என்று கத்தினார் சைபுல்லா.

ஷஹ்பாஸ் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். “ரொம்பச் சந்தோஷம் பாய்” என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து நடந்தான். ‘இழு’ என்று எழுதியிருந்த கண்ணாடிக் கதவை இரண்டு முறை தள்ளியதில்தான் கம்பீரம் கொஞ்சம் குறைந்துபோனது.

“இழுக்கணும் தம்பி” என்று பின்னாலேயே வந்த அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டார். வெளியே வந்ததும், “என்னால வேலை போச்சே. மாடி ரூமும் போச்சு. இனிமே எங்க தங்குவீங்க?” என்றார்.

“நான் மாடியில தங்கியிருக்கேன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?”

“உங்க உம்மாதான். ‘அஞ்சு பொம்பளைங்க இருக்குற வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போக முடியாது, வேணும்னா பொண்ணைத் தவிர மத்தவங்களை வேற வீடு பாத்துக்கச் சொல்லுங்க’ன்னு காலையில போன்ல சொன்னீங்களாமே? பாவம், எங்கிட்ட அழுதுட்டாங்க.”

அந்த நாளின் மூன்றாவது ‘முடியாது’ வரவேண்டிய இடத்தில், ஷஹ்பாஸ் வயிற்றை உள்ளிழுத்துச் சட்டைப் பட்டன்களைச் சரிசெய்துகொண்டான்.

“அந்தப் பொண்ணு ஜஸீலாவோட உம்மா நான், அதிராம்பட்டினத்துலேருந்து வர்றேன். எங்க ஊர்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வரணும். எங்க உம்மா, நான், என் தங்கச்சிங்க ரெண்டு பேரு, ஜஸீலா, ஆக மொத்தம் அஞ்சு ஸ்பீக்கர்.” அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். “ரிசீவர் நல்ல கனமாத்தான் இருக்கு. சூடாகாம இருந்தா சரி.”