நாய்களுக்கு அனுமதி இல்லை

"ஐயா, நேற்றுச் சொன்னதைத்தான் இண்டைக்கும் சொல்லுறன். நாயை உள்ள விட ஏலாது."

பறவைகள் சரணாலயத்தின் வாசற் காவலர் டினோஜா, தமது குரலில் இயன்றளவு மரியாதையைக் கலந்தே இதனைக் கூறினார். எதிரே, நறுவிலிக்குளத்து விவசாயியான பொன்னையா, கையில் ஒரு கயிற்றுடன் நின்றார். கயிற்றின் மறுமுனையில் பிறவுணி என்னும் நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"நேற்று வேற பிள்ளை, இண்டைக்கு வேற. நேற்று நடத்திக் கூட்டிக்கொண்டு போகலாமோ எண்டு கேட்டனான். இண்டைக்குத் தூக்கிக்கொண்டு போறன். கால் நிலத்தில படாது."

"கால் படாட்டிலும் வாய் திறக்கும்தானே?"

"இவனோ? கள்ளன் வந்தாலும் குரைக்கமாட்டான்."

"அப்ப முந்தநாள் என்னைப் பார்த்துக் குரைச்சது ஆர்? நீங்களோ?"

பொன்னையா சிரித்துவிட்டார். முதல் நாள் டினோஜாவின் சீருடையைக் கண்டதும் பிறவுணி வாசலே அதிரும்படி குரைத்தது உண்மைதான். நேற்று அவருடைய சப்பாத்துகளைச் சந்தேகத்துடன் முகர்ந்து பார்த்தது. இன்றோ, அதே சப்பாத்துகளின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"நாலு குருவிக்காகவோ பிள்ளை இவ்வளவு கோவம்?"

"குருவி இல்லை ஐயா, அங்க பாருங்கோ."

களப்பின் அக்கரையில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன.

"எங்கையோ இருந்து பறந்து, எலும்பும் தோலுமா வந்து இறங்கினதுகள். இப்பதான் நிம்மதியா இரை தின்னுதுகள். ஒரு நாயைக் கண்டால் போதும், கூட்டம் முழுக்க எழும்பிடும். திரும்பிப் போறதுக்கெண்டு சேர்த்த பலம் எல்லாம் வீணாப் போயிடும். நீங்கள் கோவிச்சாலும் பரவாயில்லை, விடமாட்டன்."

"பெரிய ஆக்களைக் கொண்டு சொல்லுவிச்சால்?"

"மந்திரியே நாயோட வந்தாலும், மந்திரி மட்டும்தான் உள்ள போகலாம்."

பொன்னையா கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு விடியக் கனடாவுக்குப் பிளேன், பிள்ளை. மகள் கூப்பிட்டிட்டாள். இனி இந்தப் பக்கம் எப்ப வாறனோ."

டினோஜாவின் மனம் இளகியது. விதி இளகவில்லை.

"அப்ப இந்த நாய்?"

"அதுக்கு ஆள் பார்த்திட்டன்."

"சரி ஐயா, ஒண்டு செய்வம். நீங்கள் போய்ப் பறவையளைப் பாத்திட்டு வாங்கோ. அதுவரைக்கும் இவனை நான் பிடிச்சிருக்கிறன்."

பொன்னையாவின் முகம் மலர்ந்தது. ஆனால் கயிற்றை உடனே கொடுத்துவிடவில்லை.

"பிள்ளைக்கு எந்த இடம்?"

"கீரி எண்ட ஊர்."

"வளவு இருக்கோ?"

"இருக்கு. நாலு பனை, ரெண்டு கோழி. கழுதையள் வந்து வாழைக்கண்டைத் திண்டிட்டுப் போகும்."

"பிறவுணி கழுதைக்குப் பயப்பிடான்," என்றார் பொன்னையா பெருமையுடன். "கட்டி மட்டும் வைக்காதேங்கோ. அழுவான்."

"அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு கதையோ? தாங்கோ ஐயா!"

பொன்னையா குனிந்து, நாயின் காதடியை நெடுநேரம் சொறிந்துவிட்டார். பின்பு கயிற்றை டினோஜாவின் கையில் வைத்து, திரும்பிப் பாராமல் உள்ளே நடந்தார். தோளில் கிடந்த துவாயால் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அப்படி என்று டினோஜா எண்ணினார்.

அரை மணித்தியாலம் கழிந்தது. பிறவுணி அவருடைய மதியச் சோற்றில் பாதியை உண்டது. மேலும் ஒரு மணித்தியாலம் கழிந்தும் பொன்னையா திரும்பவில்லை. வயதானவர் சேற்றில் விழுந்துவிட்டாரோ என்ற அச்சத்துடன் டினோஜா எழுந்தபோது, மூன்று நாளும் பொன்னையாவை ஏற்றி வந்த சனூனின் ஓட்டோ வாசலில் வந்து நின்றது.

"சனூன் நானா, ஐயாவைக் காணேல்ல!"

"அவர் அணைக்கட்டால நடந்து றோட்டுக்கு வந்திட்டார், மிஸ். நான்தான் கொண்டுபோய்க் கொழும்பு பஸ்ஸில ஏத்திவிட்டனான்."

"நாயை விட்டிட்டோ?"

சனூன் பின்னிருக்கையிலிருந்து ஒரு பழைய சாக்கையும் அலுமினியக் கோப்பையையும் எடுத்து, மிகவும் பணிவாக அவர் முன் வைத்தார்.

"இது அவன் படுக்கிற சாக்கு, இது தின்னிற கோப்பை. நாயை வளர்க்கக் கேட்ட ஆக்கள் எல்லாம் முதல்ல சங்கிலி இருக்கோ எண்டுதான் கேட்டவையாம். 'எங்கையோ இருந்து வந்த பறவைக்காக என்னோட இப்பிடிச் சண்டை பிடிக்கிற பிள்ளை, என்ர பிறவுணியைக் கைவிடாது' எண்டு ஐயா முதல் நாளே முடிவெடுத்திட்டார்."

டினோஜாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"முதல் நாளே முடிவெடுத்தவர், பிறகும் ரெண்டு நாள் வந்து உள்ள விடு, உள்ள விடு எண்டு ஏன் என்ர உயிரை எடுத்தவர்?"

சனூன் டினோஜாவின் சப்பாத்துகளின் மேல் உறங்கிக்கொண்டிருந்த நாயைப் பார்த்துச் சிரித்தார்.

"பிறவுணி உங்களோட பழக வேணுமே, மிஸ்!"