பாம்பு வராத கதை

குளத்துத் தவளைகளில் கதை சொல்லத் தெரிந்தவள் நெட்டைக்காலி மட்டும்தான். அவள் கதை ஒவ்வொன்றிலும் பாம்பு வரும். அது எப்படி அசையாமல் கிடக்கும், எப்படிப் பாயும் என்று அவள் சொல்லச் சொல்ல, குஞ்சுத் தவளைகள் நடுங்கிக்கொண்டே கேட்கும்.

ஒருநாள் சாரைப்பாம்பு அவளைத் தாமரைத் தண்டோடு சேர்த்து வளைத்துக்கொண்டது.

"கதையை நிறுத்தச் சொல்லல. நல்லாவே சொல்லு. என்னை மட்டும் எடுத்துட்டு, கரையில இருக்கற தேரைகளைப் போடு. உன்னைத் தொடமாட்டேன்."

"தேரை பூச்சிதானே தின்னும்? யாரு நம்புவா?"

"நீ சொன்னா நம்புவாங்க."

நம்பினார்கள். குளமே திரண்டு தேரைகளை விரட்டியது. அதன் பிறகும் குஞ்சுகள் காணாமல் போயின. "தேரை திரும்பி வந்திருக்கு," என்றாள் நெட்டைக்காலி. இரண்டு மழைக்காலம் போனது. பாம்பு என்ற பேரையே கேட்டிராத குஞ்சுகள் பிறந்தன. அவள் மகளும் பிறந்தாள்.

ஒரு சாயங்காலம், பாதிக் கதையில், முன்வரிசைக்குப் பின்னால் தண்ணீர் மெல்லப் பிளந்து ஒரு தலை எழுந்தது.

"பாம்பு! ஓடுங்க!" என்று அலறினாள் நெட்டைக்காலி.

ஒருவரும் அசையவில்லை. அவள் மகள் மட்டும் அந்தத் தலைக்குப் பக்கத்தில் தாவிப் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பயப்படாதேம்மா. இது தேரை இல்ல."